செயல்திட்டம் பாடம் முடிந்த பிறகு அல்ல, பாடமே அதுதான்: உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பள்ளிக் கண்காட்சியில் ஓர் எரிமலை மாதிரி. அட்டை, சிவப்புச் சாயம், சோடா மாவு, வினிகர். நுரை பொங்குகிறது, எல்லோரும் கைதட்டுகிறார்கள். பக்கத்தில் நிற்கும் மாணவனிடம் "நிஜ எரிமலை ஏன் வெடிக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் வராது. வந்தாலும், சோடா மாவும் வினிகரும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் சொல்வான். எரிமலைக்கும் அந்த வேதிவினைக்கும் சம்பந்தமே இல்லை.

நம்மில் பலர் 'ப்ராஜெக்ட்' என்று கொடுப்பது இதைத்தான். பாடத்தை வழக்கம்போல் நடத்தி முடித்துவிட்டு, கடைசியில் வீட்டில் செய்து எடுத்துவரச் சொல்லும் ஒரு பொருள். செயல்திட்டவழிக் கற்றல் என்பது வேறு. அதில் மாணவர்கள் முதல் நாளே ஒரு கேள்வியைக் கையில் எடுக்கிறார்கள். அதற்கு விடை தேடும் வழியில்தான் பாடத்தைப் படிக்கிறார்கள். பாடத்துக்கும் செயல்திட்டத்துக்கும் நடுவில் தனிக் கோடு கிடையாது.

யோசனை புதிதல்ல. அமெரிக்கத் தத்துவ அறிஞரும் கல்வியாளருமான ஜான் டூயி 1896இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய சோதனைப் பள்ளியில் குழந்தைகள் சமைத்தும் நெய்தும் கணக்கையும் அறிவியலையும் கற்றார்கள். 1918இல் வில்லியம் ஹெர்ட் கில்பாட்ரிக் 'செயல்திட்ட முறை' என்ற கட்டுரையில் இதற்கு ஒரு பெயரும் வடிவமும் கொடுத்தார். எதிர்ப்பும் இருக்கிறது. 2006இல் கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் என்ற மூன்று ஆய்வாளர்கள், போதிய வழிகாட்டுதல் இல்லாமல் மாணவர்களைத் 'தாமே கண்டுபிடியுங்கள்' என்று விடுவது பயன் தராது என்று கடுமையாக எழுதினார்கள். புதிதாக ஒன்றைக் கற்பவரின் நினைவாற்றல் ஒரே நேரத்தில் அத்தனை சுமையைத் தாங்காது என்பது அவர்கள் வாதம்.

அந்த விமர்சனத்தை நான் எதிரியாகப் பார்ப்பதில்லை. செயல்திட்டம் எங்கே சொதப்பும் என்பதை அது சரியாகக் காட்டித் தருகிறது. நான்கு பேரைக் குழுவாக உட்கார வைத்தால் கூட்டுவேலை வந்துவிடாது. இணையத்தில் தேடச் சொன்னால் ஆராயும் திறன் வந்துவிடாது. அந்தத் திறன்களையும் நாம்தான் சொல்லித்தர வேண்டும், அவை தேவைப்படும் அந்த நேரத்தில், சிறு சிறு துண்டுகளாக. கீழே வரும் படிகள் எல்லாம் அதற்காகத்தான்.

விளக்கத்துக்கு ஒரே எடுத்துக்காட்டைக் கடைசிவரை வைத்துக்கொள்கிறேன்: வகுப்பறை இரைச்சல். எந்தப் பள்ளியிலும் தட்டுப்பாடில்லாமல் கிடைக்கும் ஒரே மூலப்பொருள் அது!

படி 1: பாடத்திட்டத்திலிருந்து தொடங்குங்கள்

'சுவாரசியமா என்ன செய்யலாம்?' என்று தொடங்கினால் எரிமலையில்தான் போய் முடியும். பாடத்திட்டத்தைத் திறந்து, எந்தப் பகுதி எப்படியும் பல வகுப்புகளை எடுத்துக்கொள்ளும் என்று பாருங்கள். அதிலிருந்து இரண்டு அல்லது மூன்று முக்கியக் கருத்துகளை எடுங்கள். எங்கள் எடுத்துக்காட்டில் அவை ஒலியின் செறிவும் அதன் அளவைச் சொல்லும் டெசிபலும், எதிர்முழக்கம் (ஒலி நின்ற பிறகும் அறைக்குள் எதிரொலித்து நீடிப்பது), கணக்கில் மடக்கையும் (லாகரிதம்) சராசரியும்.

அப்புறம் திறன். விமர்சனச் சிந்தனை, கூட்டுவேலை, தொடர்பாற்றல், படைப்பாற்றல், தரவைக் கையாளுதல் என்று பட்டியல் நீளமானது. எல்லாவற்றையும் ஒரே செயல்திட்டத்தில் வளர்க்கிறேன் என்று எழுதினால் தலைமையாசிரியர் மகிழ்வார், வகுப்பில் ஒன்றும் நடக்காது. ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், மிஞ்சினால் இரண்டு. இரைச்சல் திட்டத்துக்கு நான் எடுப்பது தரவை நம்பலாமா என்று சோதிக்கும் திறனும், பிறர் சொல்லும் குறையைக் கேட்டு வேலையைத் திருத்தும் திறனும்.

படி 2: கேள்வியைச் செதுக்குங்கள்

செயல்திட்டத்தின் உயிர் அதன் உந்து கேள்வியில், அதாவது முழுத் திட்டத்தையும் நகர்த்தும் கேள்வியில், இருக்கிறது. "ஒலி மாசு பற்றி அறிக." இது கேள்வியே இல்லை, கட்டளை. இதற்கு இணையத்திலிருந்து மூன்று பக்கம் அச்செடுத்துக் கொடுத்தால் வேலை முடிந்தது. "ஒலி மாசு என்றால் என்ன?" என்பதற்கு ஒரே வரியில் பதில் இருக்கிறது. "நம் பள்ளியில் ஆசிரியர் சொல்வது கடைசி வரிசைக்குச் சரியாகக் கேட்காத அறைகள் எவை, குறைந்த செலவில் அவற்றை எப்படிச் சரிசெய்யலாம்?" என்பதற்குப் பதில் எந்த இணையப் பக்கத்திலும் இல்லை. அளந்து பார்த்தால்தான் தெரியும்.

கேள்வி தேறுமா என்று பார்க்க எனக்கு மூன்று சோதனைகள். தேடுபொறியில் போட்டால் நேரடி விடை வரக்கூடாது. படி 1இல் எடுத்த கருத்துகள் இல்லாமல் விடை காண முடியக்கூடாது. விடை யாராவது ஒருவருக்கு உண்மையிலேயே பயன்பட வேண்டும். இரண்டாவது சோதனையில்தான் பெரும்பாலான கேள்விகள் விழும். மடக்கை தெரியாமலே முடித்துவிடக்கூடிய திட்டமாக இருந்தால், மாணவர்கள் மடக்கை இல்லாமலேதான் முடிப்பார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

படி 3: நீங்களே ஒருமுறை செய்துபாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிவிடத் தோன்றும். தாண்டாதீர்கள். என் முதல் செயல்திட்டத்தில் நான் இதைத் தாண்டினேன். இரண்டு வாரம் என்று கணக்குப் போட்டது ஐந்து வாரம் இழுத்தது, கடைசியில் தேர்வு வந்து எல்லாவற்றையும் அவசரமாக மூட்டை கட்டினோம். தரவு சேகரிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று ஒருமுறை அளந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

கைபேசியோடு நாலு அறைக்குப் போய் அளந்து பாருங்கள். எங்கே குழப்பம் வருகிறது, எங்கே கூடுதல் விளக்கம் வேண்டியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பின்பு கடைசி நாளிலிருந்து பின்னோக்கித் திட்டமிடுங்கள். நான்கு வாரம், வாரத்துக்கு நான்கு அல்லது ஐந்து பாடவேளை என்று வைத்தால் இப்படிப் பிரியும்:

- முதல் வாரம்: அறிமுகம், மாணவர்களின் கேள்விகள், ஒலியின் அடிப்படைப் பாடம், அளக்கும் முறையை முடிவு செய்தல்
- இரண்டாம் வாரம்: அளத்தல், கணக்கு, தரவில் வரும் சிக்கல்கள்
- மூன்றாம் வாரம்: தீர்வை யோசித்தல், முதல் வரைவு, விமர்சனம்
- நான்காம் வாரம்: திருத்தம், இரண்டாம் வரைவு, முன்வைத்தல், திரும்பிப் பார்த்தல்

ஒவ்வொரு வாரத்திலும் ஒரு வேளையைக் காலியாக விடுங்கள். எப்படியும் நிரம்பிவிடும்.

படி 4: மதிப்பீட்டு அட்டவணையை முதல் நாளே கையில் கொடுங்கள்

'கூட்டுவேலை: 10 மதிப்பெண்' என்று எழுதினால் யாருக்கும் எதுவும் புரியாது. கண்ணால் பார்க்கக்கூடிய செயலாக எழுதுங்கள். தரவைச் சோதிக்கும் திறனுக்கு மூன்று நிலைகள் போதும். தொடக்க நிலையில் மாணவர் கருவி காட்டிய எண்ணை அப்படியே எழுதுகிறார். அடுத்த நிலையில் ஒரே இடத்தில் பலமுறை அளந்து, வேறுபாடு வந்ததைக் குறிப்பிடுகிறார். தேர்ந்த நிலையில் அந்த வேறுபாடு ஏன் வந்தது என்று ஊகித்து, அந்த ஊகத்தைச் சோதிக்க இன்னொரு முறை அளக்கிறார்.

அட்டவணையை வாசித்துக் காட்டுவது போதாது. பெயர் நீக்கிய பழைய மாணவர் வேலைகள் இரண்டைக் கொடுத்து மதிப்பெண் போடச் சொல்லுங்கள். பழையது இல்லையென்றால் நீங்களே ஒரு சுமாரான அறிக்கையை எழுதிக் கொடுங்கள். அடுத்தவர் வேலைக்கு மதிப்பெண் போடும்போதுதான் தரம் என்றால் என்ன என்பது அவர்களுக்குப் பிடிபடும்.

படி 5: தொடக்க நாள்

நீண்ட முன்னுரை வேண்டாம். கடைசி வரிசையில் இருப்பவர்களிடம் தாளைக் கொடுத்து, நீங்கள் முன்னால் நின்று சாதாரணக் குரலில் இருபது தனிச் சொற்களை வாசியுங்கள். எத்தனை சரியாக எழுதினார்கள் என்று எண்ணுங்கள். பிறகு வேறோர் அறையில் புதிய இருபது சொற்களோடு அதையே செய்யுங்கள். எண்ணிக்கை மாறினால் 'ஏன்?' என்ற கேள்வி அவர்களிடமிருந்தே வரும். எல்லாக் கேள்விகளையும் பலகையில் எழுதி, கடைசி நாள்வரை அழிக்காமல் வையுங்கள். விடை கிடைத்த கேள்வியை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வரலாம்.

படி 6: குழு

பிரெஞ்சு வேளாண் பொறியாளர் மாக்சிமிலியன் ரிங்கெல்மன் கயிறு இழுக்க வைத்து ஒரு சோதனை செய்து, 1913இல் வெளியிட்டார். ஆள் கூடக் கூட, ஒவ்வொருவரும் இழுக்கும் விசை குறைந்தது. எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது தலைக்கு விழுந்த பங்கு, தனியாக இழுத்ததில் ஏறக்குறைய பாதி. எட்டுப் பேர் கொண்ட குழுவை ஒருமுறை வகுப்பில் போட்டுப் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

ஆகவே மூவர் அல்லது நால்வர், அதற்கு மேல் வேண்டாம். குழுக்களை நீங்களே பிரித்துவிடுங்கள். நண்பர்களாகச் சேரவிட்டால் கடைசியில் யாரும் சேர்த்துக்கொள்ளாத ஒரு பிள்ளை நின்றுகொண்டிருக்கும், அந்தக் காட்சியை எந்தப் பாடமும் ஈடுகட்டாது. 'தலைவர், செயலாளர்' போன்ற பட்டங்களை விட வேலையோடு ஒட்டிய பொறுப்புகள் நல்லது: அளவீட்டுக்கு ஒருவர், கணக்கைச் சரிபார்க்க ஒருவர், குறிப்பேட்டுக்கு ஒருவர். வாரம் ஒருமுறை மாற்றுங்கள். மாற்றாவிட்டால் அழகாக எழுதுகிற பெண் நான்கு வாரமும் எழுதிக்கொண்டே இருப்பாள்.

குழு கூடும் முதல் நாளே ஓர் ஒப்பந்தம் எழுதட்டும். ஒருவர் வேலையை முடிக்காவிட்டால் என்ன செய்வோம், கருத்து வேறுபட்டால் எப்படி முடிவெடுப்போம் என்ற இரண்டு கேள்விகள் போதும். சண்டை வருமுன் எழுதிய தாள், சண்டை வந்தபின் கைகொடுக்கும்.

படி 7: நடுவில் பாடம் நடத்துங்கள்

இங்கேதான் செயல்திட்டம் பிழைப்பதும் சாவதும். 'ஆசிரியர் ஒதுங்கி நிற்க வேண்டும்' என்று எங்கோ கேட்டுவிட்டு, மேசையில் உட்கார்ந்து வேறு வேலை பார்ப்பவர்கள் உண்டு. உண்மையில் வழக்கமான வகுப்பை விட இதில் வேலை அதிகம். நடத்தும் பாடமும் குறையாது. அது எப்போது வருகிறது என்பதுதான் மாறும்.

எடுத்துக்காட்டாக, குழுக்கள் அளவீட்டோடு திரும்பி வருகின்றன. ஓர் அறையில் ஒரு வேளை 50 டெசிபல், இன்னொரு வேளை 70. இரண்டும் ஒரே நீள நேரம் அளந்தவை. சராசரி 60 என்று எல்லாக் குழுவும் எழுதும். இதுதான் மடக்கைப் பாடத்துக்கான நேரம். டெசிபலில் 10 கூடினால் ஒலிச்செறிவு 10 மடங்கு, 20 கூடினால் 100 மடங்கு. ஆகவே எண்களை நேரடியாகக் கூட்டி வகுக்க முடியாது. செறிவாக மாற்றிச் சராசரி எடுத்து மறுபடி டெசிபலாக்கினால் ஏறக்குறைய 67 வரும். 'மடக்கை எதுக்கு சார்?' என்ற கேள்வி அன்றைக்கு எழாது. அவர்கள் கையில் இருக்கும் விடை தப்பு, அதைத் திருத்த மடக்கை வேண்டும், அவ்வளவுதான். பதினைந்து நிமிடம் பலகையில் நடத்துங்கள், ஐந்து பயிற்சிக் கணக்கு கொடுங்கள், பிறகு தங்கள் தரவுக்குத் திரும்பட்டும்.

இன்னொரு சிக்கலும் கண்டிப்பாக வரும். ஒரே இடத்தில் மூன்று கைபேசிகளை வைத்தால் மூன்று எண் காட்டும். ஒலிவாங்கிகளும் செயலிகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. 'எது சரி?' என்று உங்களைப் பார்ப்பார்கள். சொல்லிவிடாதீர்கள். 'உங்கள் கேள்விக்குத் துல்லியமான எண் வேண்டுமா, எந்த அறை மோசம் என்ற ஒப்பீடு போதுமா?' என்று திருப்பிக் கேளுங்கள். ஒப்பீடு போதுமென்றால் எல்லா அறைக்கும் ஒரே கைபேசி என்ற முடிவுக்கு அவர்களே வந்துவிடுவார்கள். வகுப்பறைப் பின்னணி இரைச்சல் 35 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999இல் தந்த பரிந்துரையோடு ஒப்பிட வேண்டுமென்றால், கைபேசி எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதையும் அவர்களே எழுத வேண்டியிருக்கும். விமர்சனச் சிந்தனை என்று பாடத்திட்ட ஆவணத்தில் எழுதியிருப்பது இதுதான்.

தீர்வு யோசிக்கும் கட்டத்தில் ஒரு கதை சொல்லலாம். 1895இல் ஹார்வர்டில் புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரைக் கூடத்தில் பேச்சே புரியவில்லை. ஒரு சொல் எழுப்பிய ஒலி அடங்குவதற்குள் அடுத்த பல சொற்கள் வந்து மோதின. வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியலாளரிடம் சரிசெய்யும் பொறுப்பு வந்தது. அவர் பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கிவந்து அடுக்கி, ஆர்கன் என்ற இசைக்கருவியின் குழாய் ஒன்றை ஒலிக்கச் செய்து, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். மெத்தை கூடக் கூட நேரம் குறைந்தது. அறையின் கன அளவு கூடினால் எதிர்முழக்க நேரம் கூடும், ஒலியை உறிஞ்சும் பரப்பு கூடினால் குறையும் என்ற அவரது சூத்திரம் இன்றும் பயன்படுகிறது. மெத்தையைத் தூக்கிவந்து அளந்ததும் ஒரு செயல்திட்டம்தான். திரைச்சீலை, துணிப்பலகை, நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் என்று மாணவர்களும் ஒவ்வொன்றாகச் சோதிக்கத் தொடங்குவார்கள்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைத் தடை செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. வீட்டில் பயன்படுத்துவார்கள். அதற்குப் பதில் ஒரு விதி: என்ன கேட்டோம், என்ன சொன்னது, அதில் எதைச் சரிபார்த்து ஏற்றோம் அல்லது தள்ளினோம் என்பது குறிப்பேட்டில் இருக்க வேண்டும். நீங்கள் குழுவுக்குக் குழு நடக்கும்போது ஒரு வரியைத் தொட்டு, 'இது எங்கிருந்து வந்தது?' என்று கேளுங்கள். பதில் சொல்ல முடியாத வரி அறிக்கையில் நிற்கக் கூடாது.

படி 8: வரைவு, விமர்சனம், மறுவரைவு

நேரம் போதவில்லை என்றால் முதலில் வெட்டப்படுவது இதுதான். இதை வெட்டுவதைவிட, அறைகளின் எண்ணிக்கையை வெட்டுங்கள்.

அமெரிக்கக் கல்வியாளர் ரான் பெர்கர் பரப்பிய ஒரு நிகழ்வு கல்வி வட்டாரத்தில் பிரபலம். முதல் வகுப்புச் சிறுவன் ஒருவன் வண்ணத்துப்பூச்சியின் புகைப்படத்தைப் பார்த்து வரைந்தான். முதல் படம், அந்த வயதுப் பிள்ளை வரைவது போலவே இருந்தது. வகுப்புத் தோழர்கள் முதலில் இறக்கையின் வடிவத்தை மட்டும் பார்த்து ஆலோசனை சொன்னார்கள். அவன் மறுபடி வரைந்தான். பிறகு இறக்கையில் உள்ள கோலங்களைப் பற்றிச் சொன்னார்கள். இப்படிப் பல வரைவுகள் தாண்டி வந்த கடைசிப் படம், அறிவியல் புத்தகத்தில் வைக்கக்கூடிய தரத்தில் இருந்தது. நான் இதில் கவனிப்பது, ஒரு நேரத்தில் ஒரே அம்சத்தைப் பற்றி மட்டும் பேசினார்கள் என்பதை.

பெர்கர் சொல்லும் விதி மூன்று சொற்களில் அடங்கும்: அன்பாக, குறிப்பாக, உதவும்படியாக. 'சூப்பர்', 'நல்லா இல்ல' இரண்டுமே குறிப்பானவை அல்ல. 'மூன்றாவது வரைபடத்தில் அச்சுக்கு அலகு போடவில்லை, அதனால் எந்த அறை மோசம் என்று எனக்குப் புரியவில்லை' என்பது குறிப்பானது. இப்படிப் பேச மாணவர்களுக்குத் தெரியாது, பெரியவர்களுக்கே தெரியாது. ஆகவே முதல் சுற்றை நீங்களே எழுதிய வரைவின் மேல் நடத்துங்கள். ஆசிரியர் தன் குறையை முகம் சுளிக்காமல் கேட்டுக் குறித்துக்கொள்வதை அவர்கள் பார்க்கட்டும்.

இரண்டாம் வரைவோடு ஒரு சிறு தாளும் வர வேண்டும்: கேட்ட விமர்சனங்களில் எதை ஏற்றோம், எதை ஏற்கவில்லை, ஏன். ஏற்காததற்குச் சொல்லும் காரணங்கள் பல நேரம் ஏற்றதை விடச் சுவையாக இருக்கும்.

படி 9: கேட்பவர் யார்?

ஆசிரியர் மட்டும் பார்க்கும் வேலை பயிற்சி நோட்டு போலத்தான் வரும். முடிவெடுக்கக்கூடிய ஒருவர் முன்னால் வையுங்கள்: தலைமையாசிரியர், பராமரிப்புப் பொறுப்பாளர், பெற்றோர் குழு. 'இதற்கு எவ்வளவு செலவாகும்? ஏன் இந்த அறை முதலில்?' என்று அவர்கள் கேட்க வேண்டும். பாராட்டிவிட்டுப் போய்விட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பரிந்துரையில் ஒன்றாவது நிறைவேறினால், அந்த மாணவர்களுக்கு அடுத்த செயல்திட்டத்தில் உங்கள் முன்னுரை தேவைப்படாது.

படி 10: மதிப்பெண்

குழு மதிப்பெண் சண்டையை வளர்க்கும். என் பழக்கம், பெரும்பகுதி தனிநபருக்கு: தனிக் குறிப்பேடு, கடைசியில் ஒரு சிறு எழுத்துத் தேர்வு, இரண்டு நிமிட வாய்மொழிக் கேள்வி. குழு அறிக்கைக்குச் சிறுபகுதி போதும். எழுத்துத் தேர்வில் வேறொரு சூழலைக் கொடுங்கள். இரைச்சல் திட்டம் செய்தவருக்கு அமிலத்தன்மையின் பிஎச் அளவு பற்றி ஒரு கேள்வி. அதுவும் மடக்கை அளவுதான். கற்றது இடம் மாறியும் நிற்கிறதா என்று அதில் தெரியும். வாரா வாரம் நீங்கள் சொல்லும் பின்னூட்டமே வளரறி மதிப்பீடு (கற்கும்போதே திருத்திக்கொள்ள உதவும் மதிப்பீடு), அதற்கு எண் போட வேண்டியதில்லை.

வழக்கமாக வரும் இரண்டு ஆட்சேபங்கள்

'பொதுத்தேர்வு இருக்கிறதே?' நியாயமான கேள்வி. 2021இல் வெளியான ஓர் ஆய்வில் தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் அரசியல், சுற்றுச்சூழல் அறிவியல் ஆகிய இரண்டு கல்லூரித் தரப் பாடங்களைச் செயல்திட்ட வழியில் படித்தவர்களையும் வழக்கமான வழியில் படித்தவர்களையும் ஒப்பிட்டார்கள். எந்தப் பள்ளிகளில் எந்த வழியில் கற்பிப்பது என்பது குலுக்கல் முறையில் முடிவானது. முதல் ஆண்டிலேயே, பொதுவான எழுத்துத் தேர்வில் தேர்ச்சி மதிப்பெண் பெற்றோர் விகிதம் செயல்திட்ட வகுப்புகளில் ஏறக்குறைய 8 சதவீதப் புள்ளி கூடுதல். ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது: அந்த ஆசிரியர்களுக்குத் தயாரான பாடத்திட்டமும் தொடர்ந்த பயிற்சியும் கொடுக்கப்பட்டிருந்தன. அவை இல்லாமல் அதே பலனை எதிர்பார்க்க முடியாது. ஒவ்வொரு பாடத்தையும் செயல்திட்டமாக்கவும் தேவையில்லை. ஆண்டுக்கு இரண்டு நல்லது நடந்தால் அதுவே பெரிது.

'வகுப்பில் ஐம்பது பேர்.' இது உண்மையிலேயே கடினம், இல்லை என்று சொல்லமாட்டேன். பதின்மூன்று குழுவை ஒரே வேளையில் பார்க்க முடியாது. ஒரு நாளைக்கு மூன்று நான்கு குழுக்களை மட்டும் உட்கார்ந்து பாருங்கள், மற்றவர்கள் அன்று செய்ய வேண்டியதைப் பலகையில் தெளிவாக எழுதுங்கள். வேளை முடியும்போது ஒவ்வொருவரும் ஒரு துண்டுச் சீட்டில் இன்று முடித்தது, நாளை தடையாக இருக்கப்போவது என்று இரண்டு வரி எழுதித் தரட்டும். ஐம்பது சீட்டைப் படிக்கப் பத்து நிமிடம்தான் ஆகும். மறுநாள் எந்தக் குழுவின் பக்கத்தில் முதலில் உட்கார வேண்டும் என்று அதில் தெரிந்துவிடும்.